பெரியவங்க போட்டது

போன மாதம், புதிதாக இசையமைக்க வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ராகம் யாருக்கும் சொந்தமில்லையே சார், அப்புறம் எடுத்துக்கிட்டா என்ன?" கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். முப்பது வருடமாக இதே கேள்வி. கேட்கிற யாருக்கும் பதில் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. அனுமதிதான் தேவைப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. ஒரு பாட்டு வெளியான அன்றே, இது இந்தக் கீர்த்தனையின் அனுபல்லவி, அது அந்த வர்ணத்தின் சிட்டைஸ்வரம் என்று கண்டுபிடித்து, மொபைலில் "திருடன்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள். மோகனத்தில் இருப்பது ஐந்தே ஸ்வரம். இத்தனை பேர் இத்தனை காலமாகப் புரட்டிப் போட்டால் ஒன்றோடு ஒன்று இடிக்கத்தான் செய்யும். டவுன் பஸ்ஸில் இடிபடுவதும் பக்கத்து ஆள் பாக்கெட்டில் கையை விடுவதும் ஒன்றா? இதை விளக்கி விளக்கித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஆகவே ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இதை நீட்டிவிட்டு டீ குடிக்கப் போவதாக உத்தேசம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். முத்துப்பேட்டைப் பக்கம் ஊர். அப்பா அலையாத்திக் காட்டுப் பக்கம் இறால் பிடிக்கப் போவார். ஒரு வருடம் படகு உடைந்தது. அந்த வருடத்தோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. அப்புறம் மைக் செட் கடை, நாடகக் கம்பெனியில் ஆர்மோனியப் பெட்டி தூக்கும் வேலை, பெங்களூரில் செங்கல் சூளை, வளைகுடாவில் இரண்டு வருடம் ஹோட்டல் பாத்திரம். எதிலும் தங்கவில்லை. திரும்பி வந்து சென்னையில் ஒரு ரிக்கார்டிங் தியேட்டரில் ஒயர் சுற்றினேன். ஒயர் சுற்றிக்கொண்டே காதால் பிடித்ததுதான் என் சங்கீதம். ஸ்வரம் எழுதத் தெரியும். பாடினால் யாரும் உட்கார மாட்டார்கள்.

கடைசி இருபது வருடம் என் வேலை தேடிக்கொண்டு வருவது. இசையமைப்பாளருக்கு ஒரு பறை வேண்டும், ஒரு ஒப்பாரி வேண்டும், ஒரு கோயில் மேளம் வேண்டும் என்றால் ரிக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். எந்த ஊர்த் திருவிழாவில் யார் எதை நன்றாக வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் சாப்பிட்டேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்தது. ஒயர் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு இசையமைப்பாளர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையின் தொடக்கத்து எடுப்பை அப்படியே எடுத்துவிட்டார். ரிக்கார்டிங் அன்று காலை அவருக்குப் பயம் வந்துவிட்டது. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று கடைசி ஸ்வரத்தை மட்டும் மாற்றினார். அது அந்த ராகத்திலேயே இல்லாத ஸ்வரம். வயலின் வாசிக்க வந்திருந்த ஒருவர் வில்லை மடியில் வைத்துவிட்டு, "தம்பி, மாட்டைத் திருடினா கொம்பைச் சீவி ஓட்டிட்டுப் போகலாம். காலை வெட்டிட்டு எப்படி ஓட்டுவ?" என்றார். தியேட்டரே சிரித்தது. பாட்டு ஓடவில்லை. எடுத்தால் வெளிப்படையாக எடு, ஒளித்து வைக்காதே என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். அது போதாது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கடைசிப் படம் வரை ஆயிற்று.

அந்தக் கடைசிப் படத்தில் கதாநாயகன் முதன்முதலாகத் திரையில் தோன்றும் இடம். இயக்குநர் ஒரு வெளிநாட்டுப் படத்தின் இசையை அந்தக் காட்சிக்கு அடியில் ஒட்டிக் கொண்டுவந்து போட்டுக் காட்டி, "இதே மாதிரி வேணும், ஆனா நம்ம ஊரு மாதிரி வேணும்" என்றார். இந்த வாக்கியத்தை நீங்களும் வாரத்துக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இசையமைப்பாளர் என்னைப் பார்த்தார். பெயர் வேண்டாம், நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். "மல்லாரி பிடிச்சிட்டு வா" என்றார்.

மல்லாரி என்பது கோயிலில் சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் வாசிப்பது. பாட்டு வரிகள் கிடையாது. கம்பீரநாட்டை ராகம், கூடவே தவில். எங்கோ பெரிதாக ஒன்று நகரத் தொடங்குகிறது என்பது கேட்கிறவன் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

மன்னார்குடியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒரு கிராமம், அங்கே ஒரு சிவன் கோயில். வைகாசியில் திருவிழா. வாய்க்காலில் தண்ணீர் வராத காலம், வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. அங்கே நாகஸ்வரம் வாசிப்பவர் மாசிலாமணி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்றைக்குச் சாயங்காலம் ரிஷப வாகனம். மைக்கைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். கோபுர வாசலைத் தாண்டியதும் ஒன்று வாசித்தார். எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, கோபுர வாசல் தாண்டினதும் ஒண்ணு வாசிச்சீங்களே, அது யாரு போட்டது?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நம்மகிட்ட என்ன தம்பி இருக்கு? எல்லாம் பெரியவங்க போட்டது" என்றார்.

"எந்தப் பெரியவங்கண்ணே?"

"பெரியவங்கதான்."

"படத்துக்கு எடுத்துக்கலாமா?"

"காத்துல போனதுதானே, எடுத்துக்குங்க. டீக்கு நீங்க குடுக்காதீங்க. இது நம்ம ஊரு."

நான் நோட்டைத் திறந்து, ஊர், கோயில், வாசித்தவர் பெயர் எல்லாம் எழுதி, 'இயற்றியவர்' என்ற இடத்தில் 'பாரம்பரியம்' என்று எழுதினேன்.

நான் இந்தப் பக்கத்தில் பிறந்தவன். இங்கே ஒருவரைப் பார்த்து நன்றாக வாசித்தீர்கள் என்றால் குருநாதர் புண்ணியம் என்பார். இலை நிறையப் பரிமாறிவிட்டு, "ஒண்ணுமே செய்யலீங்க" என்பார்கள். அப்படிச் சொன்னதால் அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று யாராவது நோட்டில் குறித்துக்கொள்வார்களா? நான் குறித்துக்கொண்டேன்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோ வித்வான் என் பதிவைக் கேட்டு வாசித்தார். எட்டு ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தாளச் சுற்று, எடுத்துக் கம்ப்யூட்டரின் தாளத்துக்குள் அடைத்தோம். கீழே எலெக்ட்ரிக் கிடார், மேலே நூறு பேர் கூச்சலிடுவது போல ஒரு சத்தம். தை மாதம் படம் வந்தது. படம் சுமார்தான். இந்த இசை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நடந்து வந்தால் இது. கபடிக் குழு களத்தில் இறங்கினால் இது. கட்சிக்காரர் மேடை ஏறினால் இது. பஸ்ஸில் பக்கத்து ஆளின் பாக்கெட்டிலிருந்தும் இதுவே அலறியது. பேட்டிகளில் சார், "இது நம்ம மண்ணோட ஆயிரம் வருஷத்து இசை" என்றார். நான் கேமராவுக்கு வெளியே நின்று தலையாட்டினேன்.

சித்திரையில் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"நீங்கதானே பையில மைக்கை வச்சிக்கிட்டு எங்கப்பா பின்னாடியே நடந்தவரு?"

"நீங்க யாரும்மா?"

"மாசிலாமணி பொண்ணு, வளர்மதி. நல்லா இருக்கீங்களா? இருப்பீங்க. நாங்கதான் திருட்டுப் பட்டம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. ஊசி குத்துவது போலவேதான் பேசினாள். அவள் சொன்னது இரண்டு விஷயம். அப்பா வாசித்ததை எல்லாம் பல வருடமாகப் படம் பிடித்து வலைத்தளத்தில் போட்டு வருகிறாள். அதில் இந்த மல்லாரி இருந்த வீடியோவை, இது எங்கள் சொத்து என்று படத்தின் ஆடியோ கம்பெனி முடக்கிவிட்டது. படம் வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய வீடியோ அது. இரண்டாவது விஷயம் அதைவிட மோசம். பங்குனிப் புறப்பாட்டில் அவர் வழக்கம் போல வாசித்திருக்கிறார். பையன்கள் விசிலடித்து, நடிகர் பெயரைச் சொல்லிக் கத்தி, ரிஷபத்துக்கு முன்னால் ஆடியிருக்கிறார்கள். சாமி முன்னால் சினிமாப் பாட்டு வாசித்தார் என்று கோயிலில் அவருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். வைகாசித் திருவிழாவுக்கு வேறு மேளத்தைக் கூப்பிடப் போகிறார்களாம்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"சாமி பாத்துக்கும்கிறாரு. சாமிகிட்ட போன் இருந்தா நான் எதுக்கு உங்களுக்குப் பேசறேன்?"

"அவசரப்படாதம்மா. நான் சார்கிட்ட பேசறேன்."

"பேசுங்க. வேற எந்தக் கோயில்லயும் அவரு வாசிக்கிறதில்ல. அந்த வாசல்ல வாசிக்கலன்னா அப்புறம் நாயனத்த உறையில போட்டுக் கட்டிடுவாரு. அதையும் சேத்துப் பேசுங்க."

சார் பொறுமையாகத்தான் கேட்டார். அடுத்த படத்தின் வேலை திங்கட்கிழமை ஆரம்பம். மேசை மேல் இயக்குநர் அனுப்பிய புது வெளிநாட்டு இசை காத்துக்கொண்டிருந்தது.

"அவர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

"பெரியவங்க போட்டதுன்னு சொன்னாரு சார்."

"நீ என்ன எழுதிக் குடுத்த?"

"பாரம்பரியம்னு."

"அப்புறம் என்னய்யா? கம்பீரநாட்டை எங்கப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல, அவங்கப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல."

"ராகத்தச் சொல்லல சார். அந்த எட்டு ஆவர்த்தனத்தச் சொல்றேன்."

"அதுவும் பழசுதான். இந்த மாதிரி நூறு மல்லாரி இருக்கு."

"இருக்கு சார். ஆனா இத நான் வேற எங்கயும் கேட்டதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. இருபது வருடம் கும்பகோணத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் கோயில் கோயிலாக அலைந்தவன் நான். வேறு எங்கும் கேட்டிராதது என்பது எனக்கு அந்த வாசலிலேயே தெரியும். தெரிந்ததால்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். புதிதாக இருந்ததால் எடுத்தேன். பழையது என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் செய்தது ஒரே கை.

சாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தவர். "இத விட்டுடு. ஆறு மாசத்துல ஜனங்க வேற ஒண்ணப் பிடிச்சிக்குவாங்க, கோயில்லயும் மறந்துடுவாங்க" என்றார். அவர் சொன்னது நடக்கவும் நடக்கலாம். ஆனால் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

அன்று மத்தியானமே ஒரு கடிதம் எழுதினேன். இந்த இசையை இன்ன ஊரில், இன்ன கோயிலில், மாசிலாமணி என்பவர் வாசிக்க நான் பதிவு செய்தேன், பாரம்பரியம் என்று எழுதியது என் தவறு, விசாரிக்காமல் எழுதினேன். ஆடியோ கம்பெனிக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. அனுப்புவதற்கு முன் சாரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். "எழுத்துப்பிழை இருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஸ்டுடியோ சாவிய மேனேஜர்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றார்.

இப்படித்தான் நான் ஓய்வு பெற்றேன்.

என் கடிதத்தைப் பார்த்துக் கோயிலில் விசாரணை வைத்த நாளன்று மன்னார்குடி போய் இறங்கினேன். கோயில் அலுவலகம் என்பது ஒரு பீரோவும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் உள்ள அறை. செயல் அலுவலர் இளைஞர். நல்ல மாதிரிதான், ஆனால் எதற்கும் தாளில் ஆதாரம் வேண்டும். பக்கத்தில் அறங்காவலர், ரைஸ்மில் முதலாளி, கோபத்தோடு வந்திருந்தார். மாசிலாமணி நாற்காலி இருந்தும் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வளர்மதி அவருக்கும் சேர்த்து உட்கார்ந்திருந்தாள்.

என் பழைய பதிவைப் போட்டேன். போன வைகாசித் தேதியைச் சொல்லும் என் குரல், பிறகு நாகஸ்வரம்.

"சரிங்க, படத்துக்கு முன்னாடியே வாசிச்சிருக்காரு. ஒத்துக்கிறேன்" என்றார் அறங்காவலர். "ஆனா இப்ப வாசிச்சா பசங்க நடிகன் பேரச் சொல்லிக் கத்துறானுங்க. சாமி புறப்பாடா, சினிமாக் கொட்டாயா?"

அலுவலர் பேனாவை எடுத்தார். "இது பழைய மல்லாரின்னா சினிமாக்காரங்க எடுத்ததுக்கு நாம ஒண்ணும் கேக்க முடியாது. இவரே போட்டதுன்னா கோயில் சார்பா கம்பெனிக்கு எழுதலாம். எதுன்னு அவரே சொல்லட்டும்."

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தோம்.

"பெரியவங்க போட்டதுதாங்க" என்றார் அவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. "அண்ணே, நான் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்!"

"அடடா, ஏன் தம்பி? யாரு உங்கள விடச் சொன்னா?" என்றார். நிஜமான கவலையோடு கேட்டார், அதுதான் இன்னும் எரிந்தது.

"அப்பா, வாயத் தொறந்து சொல்லுங்கப்பா."

"சாமி வாசல்ல நின்னுக்கிட்டு நான் போட்டேன்னு சொல்லச் சொல்றியா? நாக்கு அழுவிடும்."

"அழுவட்டும். நாயனம் வாசிக்க நாக்கு வேணுமா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"வளரு!"

அறங்காவலர் கையை உயர்த்தினார். "சண்ட வேணாம். ஒண்ணு பண்ணுவோம். அவரே வாசிக்கட்டும். சினிமால வந்த எடத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்த வாசிக்கட்டும். எல்லாருக்கும் நல்லது."

அலுவலர் அதை எழுதவே ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடம் அந்த வாசலில் வாசித்தவர், தன் மல்லாரிக்கு நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். மாசிலாமணி அதற்கும் தலையை ஆட்டப் போனார்.

"எந்த எடத்த விடணும்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். ராசாங்கம். சாமி தூக்குகிறவர்களுக்குத் தலைவர். திருவிழாவுக்காக வெளியே மூங்கில் தண்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் அந்த எட்டு ஆவர்த்தனத்தை மறுபடி போட்டேன்.

"இந்த எடமா? இத விட்டா பின்தண்டுக்காரன் வாய்க்கால்லதான் கெடப்பான்."

"புரியலையே" என்றார் அலுவலர்.

"ரோட்டு மேலயே ரோட்டப் போட்டு ஒசத்திக்கிட்டுப் போறாங்கள்ல? கோபுர வாசல் பள்ளத்துல போயிடுச்சு. வாகனம் வெளிய வந்ததும் முன்தண்டு மேட்டுல ஏறும். எடை பூரா பின்னாடி வந்து எறங்கும். மொத வருசம் பழைய மல்லாரிக்கே ஏறினோம். நம்ம வேலு காலு பெசகி விழுந்து முட்டி போயிடுச்சி. இன்னும் நொண்டுறான், வேணா கூப்புடறேன். மறு வருசம் அண்ணன் வாசிப்ப மாத்திட்டாரு. நாலு அடி வைக்கிறவரைக்கும் ஓடும், அப்புறம் அரை அடி நிக்கும். நிக்கிற அந்த எடத்துலதான் நாங்க தோள் மாத்துவோம். ஒவ்வொரு சுத்துலயும் நிக்கும், கேட்டுப் பாருங்க."

கேட்டோம். நின்றது. எனக்குக் காது சுட்டது. அந்த அரை அடி என் பதிவில் முன்பே எனக்குக் கேட்டிருக்கிறது. ஸ்டுடியோவில், "சார், இங்க லேசா தொங்குது, தாளம் பெசகியிருக்கு, வெட்டிடலாம்" என்று சொன்னவனே நான்தான்.

"ரோடு எப்ப ஒசந்துச்சு?" என்றார் அலுவலர்.

"ஆறு வருசம் ஆவுது." ராசாங்கம் மாசிலாமணி பக்கம் திரும்பினார். "ஏண்ணே, மேடே ஆறு வருசத்து மேடு. இதுக்கு எந்தப் பெரியவரு வந்து மல்லாரி போட்டுட்டுப் போனாரு? கைலாசத்துலேருந்து ராத்திரி வண்டி பிடிச்சு வந்தாரா?"

அறங்காவலரே சிரித்துவிட்டார். மாசிலாமணி தரையைப் பார்த்தார். காது வரை சிவந்திருந்தது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவரைப் போல.

"இவங்க நடந்தாங்க. நான் காலப் பாத்துக்கிட்டே வாசிச்சேன். அவ்வளவுதாங்க" என்றார்.

அலுவலர் அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். எழுதிய மற்றதை அடித்தார். நான் படத்தில் வந்ததையும் போட்டுக் காட்டினேன். ராசாங்கம் அதற்கு இரண்டடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு சமதரையில மாப்பிள்ளைதான் நடக்கலாம்" என்றார். வைகாசித் திருவிழாவுக்கு மாசிலாமணியே, மல்லாரி முழுசாக. அப்படித்தான் முடிவானது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ராகத்தை எடுங்கள், தாளத்தை எடுங்கள். அதற்கெல்லாம் வேலி கிடையாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் உங்கள் முதுகு நிமிர்ந்தால் மட்டும், அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். யார் என்று விசாரியுங்கள். அவர் அடக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தையை ரசீதாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்லாவிட்டால் கூட வாசிப்பவரைக் கேளுங்கள், தூக்குகிறவரைக் கேளுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு நான் ஒரு வருடமும் ஒரு வேலையும் செலவழித்தேன். இன்னொன்று: ஒரு இடம் ஏன் தொங்குகிறது என்று தெரியாமல் அதை வெட்டாதீர்கள். இதைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர், அதுதான் சாப்ட்வேரே சரி பண்ணிவிடுகிறதே என்பீர்கள். சொல்லுங்கள். நான் என்ன செய்ய முடியும்?

ரிஷப வாகனத்தன்று நானும் போயிருந்தேன். ரிக்கார்டரை எடுத்துப் போகவில்லை. சாமி வாசலைத் தாண்டியது, மல்லாரி அந்த இடத்துக்கு வந்தது, விசில் பறந்தது, நடிகர் பெயரும் கேட்டது. படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் கைதட்டிக்கொண்டே வந்தார்கள். அரை அடி நின்ற இடத்தில் அவர்கள் தட்டு முன்னால் போய்விட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பின்தண்டில் எட்டுத் தோள்கள் மாறி, ரிஷபம் மேட்டில் ஏறியிருந்தது. என் கடிதத்தால் ஆடியோ கம்பெனி வளர்மதியின் பழைய வீடியோவையும் பத்து நாளைக்கு முன்பே விடுவித்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை விடைபெறப் போனால், வளர்மதி வேலைக்குப் புறப்படாமல் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்குப் பிடித்துப் போட்ட வீடியோக்களில் பதினொன்றை அதே கம்பெனியின் பெயரில் மறுபடி முடக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆட்சேபம் எழுத வேண்டுமாம். மாசிலாமணி அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து என்னத்தம்மா தட்டிக்கிட்டே இருக்க?"

"நேத்து நீங்க வாசிச்சதெல்லாம் அவங்களோடதுன்னு மெஷின் சொல்லுதுப்பா. இல்லன்னு எழுதறேன். உங்களுக்கு இதுல என்ன உரிமைன்னு கேக்குது. என்ன எழுதறது? பெரியவங்க போட்டதுன்னா?"

"மெஷினா? ஆளு யாரும் இல்லியா?"

"இல்ல."

"கோயில்லயா இருக்கு அது?"

"அமெரிக்காவுலயோ எங்கயோ இருக்குப்பா."

"அதுக்குச் சாமி தெரியுமா?"

"அதுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. உங்களையே தெரியல."

அவர் சீவாளியை டப்பாவில் வைத்து மூடினார்.

"அப்ப எழுது. நான் போட்டதுன்னு எழுது. ரோட்டு மேட்டுக்காக மாசிலாமணி போட்டதுன்னு எழுது. கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தர்றேன்."

வளர்மதி தலையைத் தூக்கி முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நாகஸ்வரத்தாலேயே அவரை ஒரு போடு போடலாமா என்றிருந்தது.

"பதினோரு தடவ எழுதணும்பா" என்றாள்.

"எழுதேன். அவனுங்க வருசா வருசம் சாமியத் தூக்கி மேட்டுல ஏத்தல?" என்றார்.